போடிக்கு மட்டும் ஒரு விளம்பரம்

"தொடாதீங்கக்கா!"

பாண்டீசு போட்ட சத்தத்தில் தனபாக்கியம் கைப்பேசியைக் கீழே போடப் பார்த்தாள்.

தனபாக்கியம் பக்கத்து வீட்டுக்காரி. மத்தியானம் பூ கட்டிக்கொண்டே பேச வந்தவள். மடியில் ஏதோ சமையல் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு விளம்பரம் எட்டிப் பார்த்தது. விரல் அதன்மேல் இறங்கப் போனது. அவ்வளவுதான்.

"ஏண்டி, தொட்டா காசு போயிருமா?"

"போயிரும்."

"ஐயையோ, என் காசா?"

அவள் திருதிருவென்று விழித்தாள்.

"எங்க வீட்டுக்காரரு காசு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோபித்துக்கொண்டு போடிக்கு, அம்மா வீட்டுக்கு வந்தவள் பேசுகிற பேச்சா இது?

விளம்பரம் என்ன பெரிய விளம்பரம். இரண்டே வரி.

'குறட்டை இல்லாமல் தூக்கம் வரவில்லையா? போடியில் இருப்பவர்களுக்கு மட்டும்.'

கூறு கெட்ட மனுஷன்.

ஊர் உலகத்தில் எல்லோருக்கும் குறட்டை இருந்தால்தான் தூக்கம் வராது. குறட்டை இல்லாமல் புரண்டுகொண்டு கிடக்கிற பைத்தியம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றைப் பிடிக்க, போடி முழுக்கக் காசைக் கொட்டியிருக்கிறான்.

அதுதான் அவன் பிழைப்பு. கோயம்புத்தூரில், படுக்கையறை மூலையில், ஒரு மேசை, ஒரு கணினி. மீன் தொட்டிக்கு ஒரு இணையதளம். வழுக்கைக்கு ஒன்று. குறட்டைக்கு ஒன்று. விளம்பரம் கொடுத்து ஆள் கூட்டுவான். தொட்டு வருகிற தலை ஒவ்வொன்றுக்கும் இவன் பையிலிருந்து காசு போகும். வந்தவர்கள் குறட்டையை அடக்கும் தலையணையோ மூக்குப்பட்டையோ வாங்கினால் கமிஷன் வரும். போனதைவிட வந்தது கூடினால் அன்றைக்கு வீட்டில் பரோட்டா.

அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம். நம் விளம்பரத்தை நாமே தொடக்கூடாது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே சொல்லிவிட்டான். அவளும் குலதெய்வத்துக்குச் செய்த சத்தியம் போல இன்றுவரை தொட்டதில்லை.

குறட்டைத் தளம்தான் நன்றாக ஓடியது. ஓடாதா பின்னே? அதில் இருந்தது அத்தனையும் அவள் பட்ட பாடு. அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டியது.

ஆனால் தான் குறட்டை விடுவதை மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ள மாட்டான்.

ஒருநாள் அவன் கணினியிலேயே பதிவு செய்து போட்டுக் காட்டினாள்.

"இது கீழ்வீட்டு மிக்ஸி" என்றான்.

அதற்கெல்லாம் அவள் கோபித்துக்கொண்டு வரவில்லை. சிரித்துவிட்டுப் போகிறவள்தான்.

கல்யாண நாள் அன்று நீலப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கையில் பாயசத்தோடு பக்கத்தில் போய் நின்றாள். அவன் கணினியை விட்டுத் திரும்பவில்லை. ஈரோட்டில் விளம்பரத்துக்குக் கூட்டம் ஏறுகிறது, கொஞ்சம் இரு என்றான். இருந்தாள். பாயசம் ஆடை கட்டியது. அப்புறம் சேலம் ஏறியது.

"உங்ககிட்டப் பேசணும்னா நானும் ஊர் பேரைப் போட்டு ஒரு விளம்பரம்தான் குடுக்கணும் போல."

சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். அதன்பிறகு அவன் போன் செய்தால் எடுப்பதில்லை. இனி அந்த வீட்டுப் படி ஏறுவதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

இப்போது ஊர் பேரைப் போட்டு அவன் கொடுத்திருக்கிறான்.

தனபாக்கியம் பூவைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நான் தொடலடி தாயி. எங்க வீட்டுலயும் சொல்லிர்றேன், யாரும் தொட வேணாம்னு." வாசல்வரை போய்த் திரும்பினாள். "அப்ப யாரு தொடுறதுக்கு அது?"



பாண்டீசு உள்ளே போய்க் கூடத்துச் சுவரோரம் படுத்தாள். தன் கைப்பேசியைத் திறந்தாள். அதிலும் வந்து நின்றது, அதே இரண்டு வரி.

பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை. பாழாய்ப்போன மனசு.

தொட்டாள்.

வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்தது. தலையணை இல்லை, மூக்குப்பட்டை இல்லை, விற்க ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு பொத்தான். அதை அழுத்தினாள்.

குறட்டை.

அன்று அவள் பதிவு செய்த அதே குறட்டை. ஏறி, இழுத்து, நடுவில் நின்று, இவர் மூச்சு விடுகிறாரா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவளைப் பதற வைத்து, மறுபடி கிளம்புகிற குறட்டை.

அதன்கீழே ஒரு வரி எழுதியிருந்தான்.

'மிக்ஸி இல்லை. நான்தான்.'

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரும் வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் சட்டென்று நின்றது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செம்பு நிறையத் தண்ணீரோடு அம்மா அரக்கப்பரக்க வந்தாள்.

"ஏண்டி பாண்டீசு, மாப்ள எப்ப வந்தாரு? வந்ததும் தூங்கிட்டாரா?"

கூடத்தில் வேறு யாருமில்லை. அம்மா கதவுக்குப் பின்னால்கூடப் பார்த்தாள். அப்புறம் மகளின் கையைப் பார்த்தாள்.

அவள் எழுந்து உட்கார்ந்து, செம்பை வாங்கி மடமடவென்று தானே குடித்தாள்.

பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்தது. எல்லாத் தளத்திலும் அவன் வைக்கிற கட்டம்தான். 'உங்கள் கருத்தை எழுதவும்.'

எழுதினாள்.

'சத்தம் பத்தல. நேர்ல வாங்க.'

அனுப்பிவிட்டு, உலையில் அரிசி கொஞ்சம் கூடப் போடச் சொன்னாள்.