பேட்டரி தீர்ந்துவிடும்

சொல்லவேண்டியதை அவன் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தான். எதுவும் வாயில் நிற்கவில்லை.

அம்மாவைச் சேர்த்திருந்த மருத்துவமனையிலிருந்து காலையில் அவனைத்தான் அழைத்தார்கள். அப்பாவுக்கு இருதயக் கோளாறு. எதுவானாலும் முதலில் தன்னிடம் சொல்லும்படி அவனே கேட்டுக்கொண்டிருந்தான்.

சொல்லிவிட்டார்கள்.

இவன் மஸ்கட்டில். அப்பா அம்பாசமுத்திரத்தில், பூட்டாத குறையாகத் தனியே. விமானம் கிடையாது. தெருவைத் தகரம் அடித்து மறித்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் நீ சொல்லும்போது வாசலுக்கு வெளியே வந்து நிற்கிறேன், உள்ளே வரச் சொல்லாதே என்றார். இந்தக் கொரோனா காலத்தில் அதுவே பெரிய மனசு.

வீடியோவில் அழைத்தான்.

முதலில் மின்விசிறி தெரிந்தது. பிறகு அப்பாவின் ஒரு காது. பிறகு ஒருவழியாக அப்பா.

போனைப் பிடிப்பது அம்மாவின் இலாகா. தினமும் காலையில் அப்பாவின் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டி, படம் எடுத்து அனுப்புவாள் அம்மா சண்முகவடிவு. கீழே ஒரு வரி. இட்லி சாப்பிட்டார். ரசம் வேண்டாம் என்கிறார். இரவு நன்றாகத் தூங்கினார்.

இவன் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவான். பிள்ளையின் கடமை முடிந்தது.

இன்று அப்பா தானே மாட்டிக்கொண்டு, இவனுக்குத் தெரியட்டும் என்று விரலைத் திரையருகே நீட்டினார். நல்ல அளவுதான். எப்போதும் போல.

உங்கள் வீட்டில் அளவு பார்க்கவே இல்லையா என்று அம்மாவைச் சேர்த்த அன்றைக்கு டாக்டர் கேட்டார். தினமும் பார்க்கிறோமே என்று இவன் பெருமையாகச் சொல்லிவிட்டான். அப்புறம்தான் படங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தான்.

எல்லாம் அப்பாவின் விரல்.

அசதியாக இருக்கிறது என்று அம்மா ஒருமுறை சொன்னாள். கொஞ்சம் படுத்து எழுந்திரு, சரியாகிவிடும் என்றான். உன் விரலையும் காட்டு என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு வார்த்தைதான். கேட்டிருக்கலாம்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அதையே அப்பாவிடம் கேட்டான். அம்மா ஒருநாள்கூட மாட்டிப் பார்க்கவில்லையா?

"நீதானய்யா சொன்ன, சும்மா சும்மா போட்டா பேட்டரி தீந்துரும், கடையெல்லாம் பூட்டிக் கெடக்குன்னு. ஒருமட்டம் நீயும் போட்டுப் பாரேன்னேன். பிள்ள வைவான்னுட்டா."

சொன்னான்தான்.

ஆக்சிமீட்டர் வீட்டுக்கு வந்த புதிதில் அப்பா அதை விளையாட்டுச் சாமான்போல மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். வேலை நேரத்தில் அந்த வேடிக்கையைக் காட்டப் போன் செய்தார்கள். எரிச்சலில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோனான்.

அவள் மறக்கவில்லை.

ஊரில் ஒருவர் பேச்சையும் கேட்காதவள். மகன் சொன்னால் மட்டும் வேதவாக்கு.

மூச்சு முட்டியபோதுகூட அது அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கும். அவனுக்குத் தன் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அப்பா ஆக்சிமீட்டரைக் கழற்றித் துண்டால் துடைத்தார். பத்திரமாக டப்பாவில் வைத்தார். பிறகு ஏதோ யோசனை வந்தவராக நிமிர்ந்தார்.

"இனி ஒருநாள் விட்டு ஒருநாள் போடட்டுமா? அம்மா வந்தா அவளுக்கும் வேணும்லா. பேட்டரி பத்தாதே."

இப்போதாவது சொல்லிவிட வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதபடி, பதமாக, கொஞ்சம் கொஞ்சமாக. காலையிலிருந்து அவன் அதற்குத்தான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தான். தேடியது ஒன்றும் வரவில்லை.

"தினமும் போடுங்கப்பா. ஒரு ஆளுக்குப் பத்தும்."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

அப்பா அவனைப் பார்த்தார்.

போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தார். கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து உதறி, மெதுவாக மாட்டிக்கொண்டார். மேல் பித்தானிலிருந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார்.

மருத்துவமனைக்குப் போக விடமாட்டார்கள் என்பதை அவன் இனிமேல்தான் சொல்லவேண்டும்.