கூடுதலாக ஒரு தாள்

இருங்காட்டுக்கோட்டையில் காலை ஷிப்ட் சங்கு ஊதி ஓய்கிறது. தொழிற்சாலையின் ஆள்சேர்ப்பு ஜன்னல் முன்னால் வெயிலில் நிற்கிறான் பகலவன். 'குற்றப் பின்னணி இல்லை' என்ற போலீஸ் சான்றிதழைப் பார்த்துவிட்டு, அவன் படம் போட்ட அடையாள அட்டையைக் கயிற்றில் மாட்டுகிறாள் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் ஷாலின். எதுவும் குறைந்துவிடக் கூடாதென்று பிளாஸ்டிக் உறையிலிருந்து இன்னொரு தாளையும் நீட்டுகிறான். "இதையும் வெச்சிக்கங்க மேடம். ஆறு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சி வாங்கனது." அவள் கை நின்றுவிடுகிறது. "உங்க மேல கேஸ் இருந்துச்சா?" "விடுதலைன்னு போட்டுக்கீது மேடம்." மடிப்பில் நைந்த தாளின் கடைசி வரியை அவன் விரல் அழுத்திக்கொண்டிருக்கிறது. அவள் விரல் முதல் பத்தியில், 'கொலை முயற்சி' என்ற இடத்தில் நிற்கிறது. "சார்கிட்ட கேட்டுட்டு போன் பண்றேன்." கயிற்றிலிருந்து அட்டையைக் கழற்றி இழுப்பறைக்குள் போடுகிறாள். அவன் இன்னும் விரலை எடுக்கவில்லை.