சத்தம் போடும் சைனா போன்

"யோகு, மெதுவாப் பேசு."

"மெதுவாத்தாம்மா பேசுறேன்."

மகள் மெதுவாகத்தான் பேசினாள். கத்தியது மீனம்மாவின் கையிலிருந்த சைனா போன். தீபாவளி முன்பணத்தில் பொகவந்தலாவை இஸ்ஸதீன் கடையில் வாங்கியது. கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. காதில் வைத்தால் காது வலிக்கும், தள்ளி வைத்தால் லயம் முழுக்கக் கேட்கும். சத்தத்தைக் குறைக்க ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் டோர்ச் எரிந்தது.

தேயிலைத் தோட்டத்து லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு தாளித்தால் இங்கே மணக்கும். இங்கே பேசினால் அங்கே கேட்கும். மீனம்மாவின் கவலையே அதுதான்.

"அம்மா, பரமேஸுக்கு மாசம் நெருங்கிருச்சு. காலு ரெண்டும் வீங்கிப் போச்சு."

"அந்தப் பேரச் சொல்லாதன்னு எத்தன வாட்டி சொல்றது?" மீனம்மா போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள்.

பரமேஸ்வரி அம்மாக்கண்ணுவின் ஒரே மகள். கொழும்பில் யோகுவோடு ஒரே கார்மன்ட் பெக்டரியில் தைக்கிற வேலை செய்தவள். போன வருஷம் வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு லொறி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். சேதி வந்த அன்றைக்கே, பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த அத்தனை பேர் முன்னாலும் அம்மாக்கண்ணு அவளைத் தலைமுழுகிவிட்டாள்.

"எனக்கு மக இல்ல. இனி எவளாச்சும் அவ பேர எடுத்தா நடக்குறது வேற."

அம்மாக்கண்ணு சொன்னால் செய்வாள். அவள் வாய்க்குப் பயந்து தோட்டத்தில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையே வேறு பாதையில் போவார்.

இதில் இன்னொரு எரிச்சல். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே போன் அடித்ததும் பக்கத்து வீட்டு ரேடியோ நின்றுவிடும். அம்மி அரைக்கிற சத்தம் நின்றுவிடும். இருமல்கூடக் கேட்காது. அடுத்த வீட்டு வம்பென்றால் என்ன ஒரு அக்கறை என்று மீனம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளிக்கிழமை அவள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது யோகு அவசரமாகக் கூப்பிட்டாள். "பரமேஸ ஆஸ்பத்திரியில சேத்தாச்சும்மா. கொஞ்சம் கஷ்டம்னு சொல்றாங்க. ஞாயித்துக்கெழம வெவரம் சொல்றேன்."

இரண்டு வரிசை தள்ளிக் கொழுந்து எடுத்த அம்மாக்கண்ணு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை; நல்ல வேளை, கேட்டிருக்காது என்று மீனம்மா நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்தப் போன் வந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளை பிறந்த சேதியை இந்தப் பாழாய்ப்போன போன் லயத்துக்கே அறிவித்தால் என்ன ஆகும்? அம்மாக்கண்ணு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுவாள். பிறந்த பச்சை மண்ணுக்கு அந்தச் சாபம் எதற்கு?

ஞாயிறு விடிந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். அம்மாக்கண்ணு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"காலங்காத்தால எங்க போற?"

"இந்தப் போன மாத்தப் போறேன்க்கா."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு."

வாங்கின அன்றைக்கு, 'காசுக்குப் புடிச்ச கேடு, கொண்டுபோயி ஆத்துல போடு' என்று சிரித்தவளே இவள்தான்.

"சத்தம் ரொம்ப ஜாஸ்திக்கா."

"சத்தமா இருந்தா என்னா இப்ப? மலிவா வாங்குனாலும் நல்ல சாமான்தான். மாத்தாத."

ஒட்டுக்கேட்கத் தோதாக இருக்கிறதாக்கும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே மீனம்மா பஸ் ஏறினாள்.

கடையில் இஸ்ஸதீன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் அண்டைக்கே சொன்னேன் தானே தங்கச்சி? மலிவுக்கு எடுத்தா இப்பிடித்தான். என்ன பிழை?"

"சத்தம் வெளிய கேக்குது நானா. என் காதுக்கு மட்டும் கேக்குற மாதிரி ஒன்னு குடுங்க."

"எல்லாரும் சத்தம் காணாதுன்டு வருவாங்க. கூடிப்போச்சுன்டு வந்த மொத ஆள் நீங்கதான்."

பழையதை எடுத்துக்கொண்டு, மேலே கொஞ்சம் காசும் வாங்கிக்கொண்டு, யாரோ பாவித்த நல்ல போன் ஒன்றைக் கொடுத்தார். காசு போனாலும் பரவாயில்லை, ஒரு சண்டை மிச்சம் என்று மீனம்மா நினைத்துக்கொண்டாள். வழியெல்லாம் வளைவுக்கு வளைவு பஸ் நின்றது. வீட்டுக்குப் போகுமுன் போன் அடித்துவிடுமோ என்று கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

பின்னேரம் போன் அடித்தது. பக்கத்து வீட்டில் ரேடியோ டக்கென்று நின்றது. மீனம்மாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கேளு, இன்றைக்கு நல்லாக் கேளு.

"அம்மா, பரமேஸுக்குப் பொம்பளப் புள்ள." யோகுவின் குரல் காதுக்குள் மட்டும் பூப்போல விழுந்தது.

"ம்."

"ரொம்பப் பாடுபட்டுட்டாம்மா. ரெத்தம் ஏத்துனாங்க. ரெண்டு நாளாக் கண்ணே முழிக்கல. இப்பத்தான் முழிச்சா."

"ம்."

"என்னம்மா, எதுக்கெடுத்தாலும் ம்முங்குற?"

"ஒன்னுமில்ல. நீ சொல்லு."

எல்லாம் கேட்டு முடித்து மீனம்மா போனை வைத்தாள். அப்பாடா என்றிருந்தது. கொடுத்த காசுக்கு இதுதான் போன்.

பக்கத்து வீட்டு ரேடியோ திரும்பப் பாடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி ஒன்று இழுபடுகிற சத்தம் கேட்டது. சுவரின் மேல் விளிம்பை ஒரு கை பற்றியது. பிறகு அம்மாக்கண்ணுவின் முகம் எட்டிப்பார்த்தது. எப்படியோ கேட்டுவிட்டது, சண்டைக்குத்தான் வருகிறாள் என்று மீனம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

அம்மாக்கண்ணு சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மீனா, இன்னைக்கி ஒன்னுமே கேக்கலடி. எம் மக பொழச்சிட்டாளா?"