இலையில் வைக்க

"கள்ளிக்காட்டுல டேம் மீனு பொரிக்கிற கடை ஒண்ணு உண்டு, மாமா. அதை விட்டா இந்தப் பக்கத்துல வாய்க்கு ருசியா ஒண்ணும் கிடையாது."

ஜிஜின் சொல்லி முடிப்பதற்குள் லிபின் மறித்தான். "எலே, அது டேம் மீனுன்னு நீ கண்டியா? ஐஸ் பெட்டியில வந்ததாக்கும்."

மோகனன் டீயைத் தொடவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாண வீட்டுக்கும் கடைத் திறப்புக்கும் சீரியல் லைட் கட்டுகிறவர் அவர். மகன் அபிஜித் செத்ததிலிருந்து ஏணியில் ஏறவில்லை.

நாளைக்கு ஆடி அமாவாசை, வாவு. செத்தவர்களுக்குப் பிடித்ததை இலையில் பரிமாறி, கதவைச் சாத்திவிட்டு வீட்டார் வெளியே நிற்க வேண்டும். அபிக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் அவன் அம்மா விலாசினிக்குத் தெரிந்தது புட்டும் பயறும்தான். அவனோ வீட்டில் தின்றதைவிட ஓட்டலில் தின்றதுதான் அதிகம். அதைக் கேட்கத்தான் தனுவச்சபுரம் பஸ் ஸ்டாப்பில் ஷீனாவின் டீக்கடைக்கு, மகனின் கூட்டாளிகளைத் தேடி வந்திருந்தார். லிபினுக்கு வேறு கத்தார் விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் பறந்துவிடுவான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, மக்கா. அன்னைக்கு வீட்டுல ஒண்ணும் தின்னாம இறங்கிப் போனவனாக்கும். வெளியில எதாவது தின்னானா, பட்டினியா போய்ச் சேர்ந்தானா, அதுகூட எனக்கு அறியாது."

ஆரியங்கோடு வளைவில், விடிகாலையில் ரப்பர் வெட்டப் போனவர்கள்தான் அபியைக் கண்டார்கள். பைக் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ராத்திரியே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். கூட ஒருத்தன் இருந்திருக்கக் கூடாதா? ஒரு போன் போட ஒரு ஆள்? ஜிஜினுக்கு அன்று திருவனந்தபுரத்தில் வேலை. லிபின் காய்ச்சலில் படுத்துக் கிடந்தானாம். எல்லாம் தலையெழுத்து என்று மோகனன் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். தேறினால்தானே.

ஷீனா மெதுவாகச் சொன்னாள். "நெய்யாற்றின்கரை ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு கடை உண்டு, அண்ணா. அங்கே உள்ள பீஃப் ரோஸ்ட்டை அபி புகழாத நாளில்லை."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மோகனன் வீட்டில் அது ஆகாது என்பது ஊருக்கே தெரியும்.

"அவன் தின்னானா?"

லிபின் தலையைக் குனிந்துகொண்டான். "தின்னான், மாமா."

"அப்பம் வைப்பேன். விலாசினியிட்ட நான் சொல்லிக்கிடுதேன். செத்த பிறவு அவனுக்கு என்ன விலக்கு?" மோகனன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் சொல்லுங்க."

"கனல்ல சுட்ட அல்ஃபாம் வைக்கணும், மாமா. சிக்கன்னா அவனுக்கு ஜீவனாக்கும்" என்றான் ஜிஜின். "பாறசாலையில புதுசா ஒரு கடை வந்திருக்கில்லியா, அங்கே வாங்குங்க. அடிபொளி!"

"அங்கே வேண்டாம்" என்றான் லிபின்.

"எதுக்குலே? நான் எத்தனை தடவ தின்னாச்சு."

"உனக்குப் பிடிச்சா அவனுக்குப் பிடிக்கணுமா?" லிபினுக்குக் கோபமே வந்துவிட்டது. "உள்ளே வேவல்ல, எலும்புல ரத்தம் நிக்குதுன்னு ரெண்டு கடியில தட்டை நீக்கி வச்சுட்டான். குப்பூஸ் ரொட்டியை மட்டும் மயோனைஸ்ல தொட்டுத் தின்னான். மாமா, அதைக் கொண்டு அவனுக்க இலையில வச்சிராதீங்க. சும்மா பாத்துட்டு எழும்பிப் போயிருவான், பாவம்."

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஷீனாவும் மூக்கை உறிஞ்சினாள். செத்தவன் எதைத் தின்றான், எதை ஒதுக்கினான் என்பதுவரை நினைவில் வைத்திருக்கிற கூட்டாளி யாருக்குக் கிடைப்பான்!

மோகனன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது.

"அவன் தின்னும்போது நீ கூட இருந்தியா, மக்கா?"

"பின்ன? எதிர்ல இருந்தாக்கும் தின்னேன். அவன் நீக்கி வச்சதையும் நான்தான் தின்னு தீர்த்தேன்."

"அதுக்குப் பிறவு அவன் அந்தக் கடைக்குப் போனானா?"

"இல்லை, மாமா. அந்த ஒரே தடவதான்."

மோகனன் எழுந்தார். கை பட்டு கிளாஸ் சாய்ந்து டீ மேசையெல்லாம் ஓடியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. லிபினின் தோளைப் பிடித்தார்.

"அப்பம் எனக்க மவன் பட்டினியா போகல்ல. குப்பூஸாவது தின்னிருக்கான்."

லிபின் தோளை விடுவித்துக்கொள்ளப் பார்த்தான்.

"அந்தக் கடை திறப்புக்கு சீரியல் லைட் கெட்டினது நானாக்கும், மக்கா. மறுநாள் காலம்பற அதை அவுக்கணும்னு ஏணியைத் தூக்கும்போதாக்கும், அபி ரோட்டோரம் தனியா செத்துக் கிடக்கான்னு எனக்குப் போன் வந்தது."