மீதிச் சோறு

வாயை இறுக்க மூடிக்கொண்டு அவன் முகத்தைத் திருப்பினான்.

அவள் கையை இறக்கவில்லை. கவளம் விரல்களில் அப்படியே இருந்தது. தம்பி, ஒரே ஒரு வாய் என்று கெஞ்சிப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

அவனுக்குத் தலை சொன்னபடி நிற்காது. தானாக உட்கார முடியாது. சக்கர நாற்காலியின் முதுகோடு சேர்த்து மார்பைத் துண்டால் கட்டியிருந்தது. முப்பத்தெட்டு வயது. தாடையில் மழித்த பச்சை தெரிந்தது. மழித்துவிட்டவளும் அவள்தான்.

குளிப்பாட்டினால் சும்மா இருப்பான். துணி மாற்றினாலும் இருப்பான். படுக்கையில் புரட்டிப் போட்டால் கண் திறந்து யாரென்று பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவான்.

வாய் மட்டும் அம்மாவுக்கு.

அந்த அம்மா, ரங்கநாயகியம்மாள், பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வயிற்றில் கட்டி. கோயம்புத்தூரில் திறந்து பார்த்தவர்கள் அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். மகனை விடுதியில் சேர்த்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வரிசையாக உட்கார வைத்து, ஒரே கரண்டியால் ஊட்டிக்கொண்டே போனார்கள். உடுமலைக்குத் திரும்பியதும், வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்.

அவள் வந்தாள். நாகமணி. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவள். கணவன் போன பிறகு அண்ணன் வீட்டில் இருந்தாள். ஒரு நாள் அண்ணி தட்டு வைக்கும் சத்தம் மாறியது. அந்த வாரமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தங்குகிற வேலைதானே என்று மட்டும் கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

ரங்கநாயகியம்மாள் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். மகன் திருமூர்த்திக்கு எந்தப் பக்கக் கன்னத்தில் சோற்றை வைக்க வேண்டும். இருமினால் எப்படி முன்னால் சாய்த்துப் பிடிக்க வேண்டும். தன் பழைய நூல் சேலை ஒன்றையும் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். வாசத்துக்கு மகன் ஏமாந்துவிடுவான் என்று நினைத்தார்.

அவன் ஏமாறவில்லை.

அவன் முனகத் தொடங்கினால், அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து தட்டை வாங்கிக்கொள்வார். நேற்று அதை நிறுத்திவிட்டார்.

"நான் போனதுக்கப்புறம் பட்டினி கெடக்கறதுக்கு, நான் இருக்கறப்பவே கெடக்கட்டும் கண்ணு. அழுதாலும் என்னையக் கூப்படாத."

நேற்று ராத்திரி தண்ணீர் மட்டும். இன்று காலையும் தண்ணீர் மட்டும். இப்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

அவன் அழுதான். சத்தம் வராத அழுகை. கதவைப் பார்த்துக்கொண்டே அழுதான்.

கதவு திறக்கவில்லை.

தட்டை வைத்துவிட்டு இப்படியே போய்விடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. எங்கே என்று அடுத்ததாகத் தோன்றியது.

அப்போது பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் தாளித்தார்கள். நெடி ஜன்னல் வழியாக ஏறியது. அவள் தும்மினாள். அடுக்கடுக்காகத் தும்மினாள். கவளம் சிதறி அவள் மடியிலேயே விழுந்தது.

அவன் சிரித்தான்.

வாயெல்லாம் திறந்து, கட்டிய துண்டோடு உடம்பு குலுங்கச் சிரித்தான்.

அந்த வாய்க்குள் ஒரு கவளத்தைத் தள்ளியிருக்கலாம். அவள் தள்ளவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, கை கழுவி வந்து, புதிதாக ஒன்றை உருட்டிப் பிடித்தபடி காத்திருந்தாள்.

சிரிப்பு ஓய்ந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கையைப் பார்த்தான்.

தானாகவே வாயைத் திறந்தான்.

அவள் மெல்ல வைத்தாள். பொறுத்தாள். தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி திறந்தான். மறுபடியும்.

தட்டை வழித்து ஊட்டி முடித்தாள்.

போய்க் கதவைத் தட்டித் திறந்தாள். ரங்கநாயகியம்மாள் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டானா என்று கேட்டார். சாப்பிட்டார் என்றாள்.

"முழுசுமா?"

முகம் மலர்ந்துதான் இருந்தது. கைதான் போர்வையைக் கசக்கிப் பிடித்திருந்தது.

நாகமணி அந்தக் கையைப் பார்த்தாள்.

"இல்லீங்கம்மா. கொஞ்சம் மீதி வெச்சுட்டாருங்க."

கை தளர்ந்தது. சுவரைப் பிடிக்காமலே எழுந்தார்.

"கொண்டா கண்ணு. அத நான் குடுத்தர்றேன்."

அடுக்களையில் நாகமணி வெறும் தட்டில் அவசரமாகச் சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். விரல் சுடச்சுடப் பிசைந்து எடுத்து வந்தாள்.

ரங்கநாயகியம்மாள் மகனுக்கு முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கவளம் உருட்டி நீட்டினார்.

அவன் அம்மாவைக் கண்டதும் கண்ணெல்லாம் சிரித்தான். வாயைத் திறக்கவில்லை.

இன்னும் கிட்டே கொண்டுபோனார். அவன் ஏப்பம் விட்டான். தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டான். கண் செருகியது.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

கவளத்திலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

அவர் அந்த ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாகமணி தரையைப் பார்த்தாள்.



"நீ இன்னும் சாப்புடலீல்ல கண்ணு."

கை அவள் பக்கம் திரும்பியது.

அவளுக்கு யாரும் ஊட்டி எத்தனையோ வருடங்கள். கூச்சமாக இருந்தது. தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

அவள் மென்றுகொண்டிருக்கும்போதே, ரங்கநாயகியம்மாள் அடுத்த கவளத்தை உருட்டத் தொடங்கினார்.