காப்பிப் படகு

“இது காப்பியா, கழுநீரா?”

கேப்டன் ஹார்வெல் குவளையை வீசியெறிந்தார்.

“சக்கரவள்ளிக் கிழங்கை வறுத்துப் பொடிச்சது எஜமான். வடக்கத்திக்காரன் கப்பலை மறிச்சதுலேர்ந்து நிஜக் கொட்டை எங்கே வருது?” என்றாள் சமையல்காரி ஹென்னி.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம். ராப்பஹானக் ஆற்றின் இக்கரையில், அடிமைகளை விடமாட்டோம் என்று போரிடும், சாம்பல் சட்டை போட்ட தெற்குப் படை. அக்கரையில், விட்டே தீரவேண்டும் என்று போரிடும் வடக்குப் படை. தெற்கில் புகையிலை கொட்டிக் கிடந்தது, காப்பி இல்லை. வடக்கில் நேர்மாறு. அதனால் துப்பாக்கிகள் ஓய்ந்திருக்கும் காலை நேரங்களில், இரண்டு கரைக்காரர்களும் மேலிடத்துக்குத் தெரியாமல் சின்ன மரப்படகுகளை மிதக்கவிட்டுப் பண்டமாற்று நடத்தினார்கள். நாக்குக்கு ஏது கட்சி?

கேப்டனுக்குப் படகு செய்து கொடுப்பவன் ஹென்னியின் புருஷன் சைலஸ். இருவருமே கேப்டனின் அடிமைகள். என்ன கெட்ட நேரமோ, சைலஸ் செய்த படகெல்லாம் நடு ஆற்றில் கவிழ்ந்தது.

“ஏய் சாம்பல் சட்டை! இன்னிக்காவது எங்களுக்குப் புகையிலை வருமா, இல்லே மீனுங்கதான் சுருட்டுப் பிடிக்குமா?” அக்கரையிலிருந்து ஒரு சிப்பாய் கத்தினான். மூடுபனியில் ஆள் தெரியவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது.

கேப்டனுக்கு மானம் போயிற்று.

“டேய் சைலஸ்! கேட்டியா?”

“சின்னப் படகைச் சுழல் புரட்டிடுது எஜமான். நீங்க சொன்னபடி ஆள் ஏறுற மாதிரி பெருசாவே ஒண்ணு செஞ்சிட்டேன். ஏறத்தான் ஆள் இல்லே.”

“நீ ஏறு.”

“ஐயோ, நானா! வடக்கத்தியானுக்குக் கொம்பும் வாலும் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க!”

“இருந்தா கொம்பைப் பிடிச்சுத் தொங்கு. இதோ பார், இன்னிக்கும் காப்பி வரலேன்னா நாளைக்கே ஹென்னியை ரிச்மண்ட் சந்தையில வித்துடுவேன்.”

சைலஸின் முகம் செத்துப்போயிற்று. கேப்டன் சொன்னால் செய்கிற ஆள். ஹென்னியின் தங்கையை அப்படித்தான் விற்றார்.

ஹென்னி புருஷன் மீது பாய்ந்தாள். “உருப்படியா ஒரு படகு கட்டத் தெரியுதா உனக்கு? துடுப்பாவது போடு, போ! எஜமான், நான் போய்த் தண்ணி கொதிக்க வைக்கிறேன். காப்பி வந்ததும் ஒரு குரல் குடுங்க. அதுவரைக்கும் இந்த மனுஷன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!”

விடுவிடுவென்று கூடாரத்துக்குப் பின்னால் போய்விட்டாள்.

கேப்டன் சிரித்துக்கொண்டே படகின் மூக்கில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். படகைத் திரும்ப இழுக்கத்தான் கயிறு. சைலஸை இழுக்கக் கயிறு எதற்கு? பெண்டாட்டி இங்கே இருக்கும்போது அவன் எங்கே ஓடுவான்?

சைலஸ் கூடாரத்துப் பக்கமிருந்து முதல் மூட்டையைக் கொண்டுவந்து படகில் போட்டான். இரண்டாவதைத் தூக்கி வரும்போது மூச்சு வாங்கியது.

“என்னடா, இது மட்டும் இவ்வளவு கனம்?”

“போன தடவை முழுகிக் கரை ஒதுங்கின புகையிலை எஜமான். ஈரம் காயலே. அதையும் சேர்த்துத் தள்ளிவிட்டுடலாம்.”

“அடப் படவா!” கேப்டன் தொடையைத் தட்டி ரசித்தார். “அவனுக்கு நல்லா வேணும்!”

படகு மூடுபனிக்குள் மறைந்தது. கயிறு ஓடி ஓடி நின்றது. கேப்டனுக்கு உயிர் நாக்கில் நின்றது.

ஒருவழியாகக் கயிறு இரண்டு முறை வெட்டி இழுத்தது. அவரே ஆவலோடு இழுத்தார். படகு நூல் பிடித்தது போல நேராக வந்தது. உள்ளே ஒரு பை நிறைய காப்பிக்கொட்டை. அடிப்பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. சைலஸும் இல்லை.

“டேய் நன்றிகெட்டவனே! மரியாதையா வந்துடு! இல்லே, ஹென்னியை இப்பவே வித்துடுவேன்! ஹென்னி! ஏய் ஹென்னி!”

கூடாரத்துக்குப் பின்னால் அடுப்பில் தண்ணீர் மட்டும் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

“கூப்பிட்டீங்களா எஜமான்?” மூடுபனிக்கு அப்பால், அக்கரையிலிருந்து ஹென்னியின் குரல் கணீரென்று வந்தது. “ஈர மூட்டைதான் பேசறேன்! தண்ணி கொதிச்சிருக்கும், கொட்டையை நீங்களே வறுத்துப் போட்டுக்குங்க!”