பால் பொங்கியாயிற்று

சூளகிரியிலிருந்து கோவைக்கு வந்து இறங்கிய அன்று காலை, தமயந்தி புது வீட்டு அடுப்பில் பால் காய்ச்சினாள். அது பொங்கி வழிந்த நேரம் பார்த்து வாசற்கதவு பேசியது.

"உங்கள் குடிமாற்றம் ரத்தாகிவிட்டது. பூனையின் தடுப்பூசிச் சான்று ஏற்கப்படவில்லை."

வீடு, வேலை, ரேஷன், மகளின் பள்ளி, பூனை எல்லாம் சேர்ந்து ஒரே பரிவர்த்தனை. ஒன்று தவறினாலும் அத்தனையும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அவளுக்குக் கிடைத்திருந்த புது வேலையும் அந்த நொடியே இல்லாமல் போனது. சாமான்களைத் திரும்ப ஏற்றிக்கொள்ள ஆளில்லா லாரி வாசலில் வந்து நின்றது.

"ஏத்திரலாமா தமா? மறுபடி விண்ணப்பிச்சுக்கலாம்" என்றான் கணவன் கபிலன், கட்டிலின் ஒரு முனையைத் தூக்கியபடி.

"கீழ வைங்க அதை."

இப்படி எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும் கணினி நிரல்களை எழுதுவதுதான் அவள் தொழில். அவற்றின் கை எதுவரை நீளும் என்று அவளுக்குத் தெரியும். பாலில் சர்க்கரை போட்டு, டம்ளர்களில் ஊற்றி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எதிர்வீட்டு ருக்குமணி ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "பூட்டியே கெடந்த வீடுங்க. ஆள் வந்தது நல்லதாப் போச்சு" என்றாள்.

திரும்பி வந்தபோது கதவு மீண்டும் சொன்னது: "நீங்கள் இங்கே குடிவரவே இல்லை. வெளியேறவும்."

தமயந்தி கதவைப் பார்த்தபடி நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பூனை மடியில் ஏறிக்கொண்டது.

"எதிர்வீட்டக்கா குடிச்ச பாலை முதல்ல பாத்திரத்துக்குத் திருப்பிக் கொண்டா. அப்புறம் நான் கிளம்பறேன்."